15 வயதில் பட்டியலிலிருந்து விழுந்த ஹாஃப்பேக்

கேள்வி:

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிட்னியின் மேற்குப் புறநகரில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. மூத்த மகனுக்கு வரும் நவம்பரில் 16 நிறைகிறது. பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஏழு வயதிலிருந்து ரக்பி லீக் விளையாடுகிறான், அணியின் தாக்குதலை நடத்தும் ஹாஃப்பேக் இடத்தில். இரண்டு ஆண்டுகளாகப் பெரிய கழகம் ஒன்றின் இளையோர் அகாடமியில் இருந்தான். போன மாதம் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பட்டியல் வந்தது. அவன் பெயர் இல்லை. நான்கு வரி மின்னஞ்சலோடு முடித்துவிட்டார்கள். நான் பயிற்சியாளரைத் தேடிப் போய்க் கேட்டபோது, “கெட்டிக்காரப் பையன், உடம்புதான் போதாது” என்றார். மகன் 168 செ.மீ. உயரம், 61 கிலோ. இந்த ஒரு வருடத்தில் மட்டும் 8 செ.மீ. வளர்ந்திருக்கிறான்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. இரவில் தூங்குவதில்லை. விளக்கைப் போட்டால் எரிந்து விழுகிறான். உடம்பை ஏற்றும் பவுடர் டப்பாக்களை எங்கிருந்தோ வாங்கி வந்து குடிக்கிறான். ஓர் ஏஜென்ட் தொலைபேசியில் பேசினார். குயின்ஸ்லாந்தில் ஒரு கழகம் இவனை எடுத்துக்கொள்ளும், அங்கேயே ஒரு குடும்பத்தோடு தங்கவைத்துப் பள்ளியிலும் சேர்த்துவிடுவார்கள் என்கிறார். கணவரோ, “விளையாடியது போதும், இனிப் படிக்கட்டும்” என்கிறார். தெரிவுப் போட்டிக்கு முந்திய வாரம் தலையில் அடிபட்டதை அண்ணன் யாருக்கும் சொல்லாமல் விளையாடினான் என்று இளையவன் இப்போது சொல்கிறான். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசி வரியில் நீங்கள் எழுதியதைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். இந்த வாரத்துக்குள் மகனைக் குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கழகம், ஏஜென்ட், எடை எல்லாம் அதற்குப் பிறகு.

அடிபட்டுப் பல வாரம் ஆகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் தூக்கமில்லை, வெளிச்சம் பிடிக்கவில்லை, எரிந்து விழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டியலில் பெயர் வராத ஏமாற்றம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது இயல்பு. மூளை அதிர்வு சரியாக ஆறாதபோதும் பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்து எது ஏமாற்றம், எது காயம் என்று என்னாலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது. தலைவலி இருக்கிறதா, வகுப்பில் வாசித்தது மனதில் நிற்கிறதா, படி ஏறினால் தலை சுற்றுகிறதா என்று மருத்துவர் கேட்டுப் பரிசோதிக்கட்டும். அவர் சரி என்று சொல்லும்வரை பயிற்சியும் வேண்டாம், பூங்காவில் நண்பர்களோடு ஆளைப் பிடித்து விழுத்தும் டேக்கிள் விளையாட்டும் வேண்டாம். ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 19 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது. எந்த அறிகுறியும் இல்லாமல் 14 நாள் கழிந்த பிறகே உடல் மோதும் பயிற்சி. அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கழிந்த பிறகே போட்டி. உங்கள் மகன் ஒரு வாரத்தில் களத்தில் இறங்கியிருக்கிறான்.

மறைத்ததற்காக அவனைத் திட்டாதீர்கள். ஏன் மறைத்தான் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆண்டு உழைப்புக்கும் சேர்த்து ஓரிரு போட்டிகளில் தீர்ப்பு எழுதுகிறார்கள். அடிபட்டது என்று சொன்னால் மூன்று வாரம் வெளியே. மூன்று வாரம் வெளியே என்றால் தெரிவுப் போட்டியே போய்விட்டது. அந்த நிலையில் வாயை மூடிக்கொள்வதுதான் 15 வயதுப் பையனுக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியும். ‘உடம்பைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள்’ என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டு, உண்மை சொல்கிறவன் இடத்தை இழக்கும்படி நாட்காட்டியை அமைத்தால் யார் உண்மை சொல்வார்கள்? காயத்தால் தெரிவுப் போட்டியைத் தவறவிட்ட பையனுக்கு இன்னொரு நாள் தருவது எந்தக் கழகத்துக்கும் பெரிய செலவில்லை. அதைக்கூடச் செய்யாத இடங்கள் இருக்கின்றன என்பது எனக்கு ஆறாத கோபம்.

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். பதின்வயது ஆட்டக்காரர்களின் உடம்போடு பல ஆண்டுகளாக வேலை செய்கிற பிசியோதெரபிஸ்ட் நான். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்ட சொற்கள் ‘நவம்பர்’, ‘ஒரு வருடத்தில் 8 செ.மீ.’ இரண்டும்தான்.

இங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1இலிருந்து தொடங்குகிறது. 17 வயதுக்குட்பட்டோருக்கான ஹரால்ட் மேத்யூஸ் கோப்பை ஆட்டங்கள் பிப்ரவரியில் ஆரம்பமாகும். அன்றைக்கு ஜனவரியில் பிறந்த பையனுக்கு 17 நிறைந்திருக்கும். உங்கள் மகனுக்கு 16 வயது 3 மாதம். தாளில் இருவரும் ஒரே வயதுப் பிரிவு. இது பிறந்த தேதியால் வரும் வித்தியாசம் மட்டும். அதற்கு மேல் உடல் முதிர்ச்சியின் வித்தியாசம் இருக்கிறது. ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்களில் ஒருவன் 12 வயதிலேயே மளமளவென்று வளர்ந்துவிடுவான், மற்றவனுக்கு 15க்கு மேல்தான் அது தொடங்கும். எலும்பின் முதிர்ச்சியைப் பார்த்தால் ஒரே அணியில் நிற்கிற பையன்களுக்கிடையே மூன்று நான்கு ஆண்டு இடைவெளி இருக்கும்.

இங்கிலாந்தில் ரக்பி லீக்கின் இளையோர் தெரிவை லீட்ஸ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கெவின் டில், ஸ்டீவ் கோப்லி முதலிய ஆய்வாளர்கள் பல ஆண்டு பின்தொடர்ந்தார்கள். அங்கே வயதுக் கணக்கு செப்டம்பரில் தொடங்குகிறது. தேர்வான பையன்களில் செப்டம்பரை ஒட்டிப் பிறந்தவர்களும், சீக்கிரம் முதிர்ந்தவர்களுமே மிதமிஞ்சி இருந்தார்கள். அதே பையன்கள் பெரியவர்களான பிறகு பார்த்தபோது, தொழில்முறை வீரர்களாக நிலைத்தவர்களில் தாமதமாக முதிர்ந்தவர்களின் பங்கு கவனிக்கத்தக்கதாக இருந்தது. ஆக, 15 வயதில் தேர்வாளரின் கண்ணை நிறைக்கிற உடம்பு, 23 வயதில் யார் ஆடுவான் என்பதற்கு நல்ல சாட்சி இல்லை. இது விளையாட்டு அறிவியலில் யாரும் மறுக்காத விஷயம். ஆனால் சனிக்கிழமைப் போட்டிக்கு அணி எழுதும்போது மறந்துவிடுகிறார்கள்.

இப்போது அந்த 8 செ.மீ. பையன்களுக்கு உயரம் வேகமாக ஏறும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும். உங்கள் மகனுக்கு அது இப்போதுதான் வந்திருக்கிறது. உயரம் முதலில் ஏறும். எடை சில மாதம் கழித்து ஏறும். பலம் அதற்கும் பின்னால்தான் வந்து சேரும். இந்த இடைக்காலத்தில் பையன் கொக்குபோல் நிற்பான். கால் நீண்டுவிட்டது, மூளை இன்னும் பழைய காலின் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்றுவரை பிசகாமல் விழுந்த உதை இன்று இரண்டு மீட்டர் தள்ளி விழும். திரும்பும்போது தடுமாறுவான். முழங்கால் சில்லுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினால் “ஸ்” என்று காலை இழுத்துக்கொள்வான், அந்த இடத்தில் சிறு மேடு தட்டுப்படும். தசைநார் எலும்பைப் பிடித்திருக்கும் இடம் வளர்ச்சியின் இழுப்பில் நோகிறது, அவ்வளவுதான். ஓடும் அளவைக் கொஞ்சம் குறைத்தால் அடங்கிவிடும். நான் பார்த்த ஒரு பையன் இந்த வலியோடு வாரத்தில் பள்ளி அணி, ஊர்க் கழகம், அகாடமி என்று மூன்று இடத்திலும் ஓடிக்கொண்டிருந்தான். மூன்று பயிற்சியாளர்களும் நல்லவர்கள். மற்ற இரண்டு இடத்தில் அவன் எவ்வளவு ஓடினான் என்று மூவருக்கும் தெரியாது. ‘வேகம் குறைந்துவிட்டது’ என்று அவனுடைய அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டில் அவன் எவ்வளவு வளர்ந்தான் என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை.

நீங்கள் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். கதவு நிலையில் பென்சிலால் கோடு போடுங்கள். மாதம் ஒரு முறை, காலையில், வெறுங்காலோடு. பக்கத்தில் தேதியும் எடையும் எழுதுங்கள். மாத வளர்ச்சி குறைந்து, எடை ஏறத் தொடங்கும்போது அவன் அந்தத் தடுமாறும் காலத்தைத் தாண்டுகிறான் என்று அர்த்தம். அடுத்த முறை எந்தக் கழகத்துக்குப் போனாலும் அந்தத் தாளைக் கையோடு கொண்டு போங்கள்.

கழகங்கள் ஏன் இப்படி அவசரப்படுகின்றன என்று தெரிந்தால் மகனுக்கும் இது தன் குறையில்லை என்று விளங்கும். ரக்பி லீக்கின் முதன்மைப் போட்டியான என்.ஆர்.எல்.இல் இன்று 17 கழகங்கள். முதன்மைப் பட்டியலில் கழகத்துக்கு 30 பேர், மொத்தம் 510 இடம். அவற்றில் ஓர் ஆண்டில் காலியாவது கொஞ்சம்தான். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் 18 வயதாகும் ஆண்டில் பையன்கள் வரிசைத் தெரிவுக்குப் போவார்கள், கழகங்கள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். ரக்பி லீக்கிலும் அப்படி ஒரு தெரிவுமுறையைக் கொண்டுவந்தார்கள். வீரர்கள் வழக்குப் போட்டார்கள். தொழில் செய்யும் உரிமையை அது தடுக்கிறது என்று 1991இல் ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு தள்ளிவிட்டது. வீரன் தான் விரும்பிய கழகத்தில் ஆடலாம் என்பது நியாயமான தீர்ப்பு. ஆனால் 18 வயதுவரை காத்திருக்க எந்தக் கழகத்துக்கும் இனிக் காரணம் இல்லாமல் போயிற்று. நான் இன்று பிடிக்காவிட்டால் பக்கத்துக் கழகம் பிடித்துவிடும் என்ற பயத்தில் 15 வயது, 14 வயது என்று கீழே இறங்கிக்கொண்டே போகிறார்கள். ஜோசப் சுவாலி என்ற பையனுக்காகப் பள்ளியில் படிக்கும்போதே இரண்டு சிட்னிக் கழகங்களும், 15 பேர் ஆடும் இன்னொரு வகை ரக்பியான யூனியனும் மோதிக்கொண்டதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 18 நிறையாமல் என்.ஆர்.எல். ஆட முடியாது என்ற விதிக்கு அவனுக்காக விலக்குக் கொடுத்து, 2021இல் 17 வயதில் இறக்கினார்கள். அபூர்வமான ஆட்டக்காரர்தான். அவரைக் காட்டி ஆயிரம் வீடுகளில் 15 வயதுப் பிள்ளைகள் மீது ஏற்றிய எதிர்பார்ப்புக்கு யாரும் பொறுப்பெடுக்கவில்லை.

இதற்கு முன்னாலும் ஒரு பாடம் இருந்தது. 2008 முதல் 2017 வரை 20 வயதுக்குட்பட்டோருக்குத் தேசிய அளவில் ஒரு போட்டி நடந்தது. தொலைக்காட்சியில் வந்தது, பையன்கள் ஊர் ஊராக விமானத்தில் போய் ஆடினார்கள். பந்து பறக்கும், புள்ளிகள் குவியும். பெரியவர்களோடு மோதிப் பழகும் வாய்ப்பு குறைவு. 20 முடிந்ததும் பலர் ஒரே நாளில் ஒன்றுமில்லாதவர்கள் ஆனார்கள். படிப்பும் கையில் இல்லை, தொழிலும் இல்லை. அந்த ஆண்டுகளில் இளம் வீரர்களின் மனநலம் குறித்துத் துயரமான செய்திகள் வந்த பிறகுதான் கழகங்களில் நலன் பேணும் அலுவலர்களின் வேலைக்கு மதிப்பு வந்தது. பிறகு அந்தப் போட்டியை நிறுத்தி, மாநில அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கிலாந்திலும் இதே கதை வேறு வடிவத்தில் நடந்தது. அங்கே பல கழகங்கள் செலவைக் குறைக்க, முதல் அணிக்கு அடுத்த நிலையில் ஆடும் ரிசர்வ் அணியைக் கைவிட்டன. அகாடமி முடித்தவனுக்கு முதல் அணியில் இடம், இல்லாவிட்டால் வாசல். தாமதமாக வளர்கிற பையன் 18க்கும் 21க்கும் நடுவே நின்று ஆட இடமே இல்லை. பின்னர் அங்கே முதன்மைப் போட்டியான சூப்பர் லீக்கின் கழகங்கள் ரிசர்வ் அணி வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. இந்த விஷயத்தில் சிட்னிப் பையன்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. ஹரால்ட் மேத்யூஸ் போனாலும் 19 வயதுக்குட்பட்டோருக்கு எஸ்.ஜி. பால் கோப்பை, 21க்குட்பட்டோருக்கு ஜெர்சி ஃப்ளெக், அதற்கு மேல் நியூ சவுத் வேல்ஸ் கோப்பை என்று படி இருக்கிறது. உங்கள் மகனுக்கு அடுத்த படி ஏற இன்னும் இரண்டு வளர்ச்சிக் காலம் கிடைக்கும்.

இன்னொன்றும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். மேற்கு சிட்னியில் சமோவா, தொங்கா வம்சாவளிப் பையன்கள் நிறைய ஆடுகிறார்கள். அவர்களில் சிலர் 15 வயதிலேயே 100 கிலோ. ‘அவர்களோடு நம் பிள்ளை எப்படி மோதுவான்’ என்று நம் ஆட்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பையன்கள்தான் இந்த முறையால் இன்னும் ஆழமாகக் காயப்படுகிறார்கள். பெரிய உடம்பு என்றால் பந்தைக் கொடுத்து நேராக ஓடச் சொல்கிறார்கள். எதிரே நிற்பவன் தானாக விழுகிறான், அணி வெல்கிறது, பாராட்டுகிறார்கள். பாஸ் கொடுக்க, இடைவெளியைப் பார்க்க, காலை மாற்றி வைக்க யாரும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. 19 வயதில் எல்லோரும் அதே அளவுக்கு வந்துவிடும்போது அவனிடம் வேறு ஆயுதம் இல்லை. பின்னால் ஒரு பெரிய குடும்பமும் தேவாலயமும் அவனை நம்பிக்கொண்டு நிற்கும். உங்கள் மகன் அவர்களைக் குறை சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். உடம்பை மட்டும் பார்க்கிற கண் இரண்டு பேரையும் ஏமாற்றுகிறது.

நன்றாகச் செய்கிற கழகமும் உண்டு. மேற்கு சிட்னியின் பென்ரித் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை என்.ஆர்.எல். கோப்பையை வென்றது. நேத்தன் கிளியரி, ஜரோம் லுவாய், பிரையன் டோ, ஸ்டீபன் கிரைட்டன் எல்லாம் அங்கே கீழ்ப் பிரிவுகளிலிருந்து சேர்ந்தே மேலே வந்தவர்கள். அந்தப் பகுதியில் சிறுவர் கழகங்கள் ஏராளம். பையன்களை நீண்ட காலம் வைத்து வளர்த்தார்கள். ஆனால் வளர்த்த கழகத்துக்குக் கிடைத்தது என்ன? வீரர்களுக்கு ஒரு கழகம் மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் எல்லோரையும் வைத்திருக்க முடியவில்லை. கிரைட்டன் கேன்டர்பரிக்குப் போனார், லுவாய் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்குப் போனார். பத்தாண்டு செலவு செய்து வளர்ப்பவன் ஒருவன், ஒரு காசோலையில் எடுத்துக்கொள்பவன் இன்னொருவன் என்றால் பொறுமையாக வளர்க்க எத்தனை பேர் முன்வருவார்கள்? வளர்த்த கழகத்துக்கு உச்சவரம்பில் தாராளமான சலுகை தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மகனுக்கு யாராவது ஜொனத்தன் தர்ஸ்டன் கதையைச் சொல்லியிருப்பார்கள். உடம்பு சின்னது என்று கழகங்கள் ஒதுக்கிய ஹாஃப்பேக். பிறகு ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தை நான்கு முறை வாங்கினார், 2015இல் வடக்கு குயின்ஸ்லாந்துக்கு முதல் கோப்பையையும் வென்று கொடுத்தார். பில்லி ஸ்லேட்டர் பள்ளியை விட்டபின் பந்தயக் குதிரைகளுக்குக் காலைப் பயிற்சி ஓட்டம் கொடுக்கும் வேலையில் இருந்தவர். இவை உண்மையான கதைகள்தான், அவன் கேட்கட்டும். ஆனால் உங்களிடம் நான் வேறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சின்ன உடம்பு என்று ஒதுக்கப்பட்டுத் திரும்பி வராதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அவர்கள்தான் அதிகம். உங்கள் மகன் என்.ஆர்.எல். ஆடுவான் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். 17 வயதுக்குட்பட்டோர் பட்டியலில் இருக்கிற அந்தப் பையன்களைப் பற்றியும் கொடுக்க மாட்டேன். இந்த வயதில் யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் உண்மை நிலை. அப்படியென்றால் கதவைச் சாத்திக்கொள்ளவும் வேண்டாம், வீட்டை அடகு வைக்கவும் வேண்டாம்.

பவுடர் டப்பாக்களை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். எங்கிருந்தோ வாங்கினான் என்பதுதான் என்னை உறுத்துகிறது. லேபிளில் எழுதாத பொருள் உள்ளே கலந்திருந்தால், ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவது ஆட்டக்காரன்தான். தெரியாமல் குடித்தேன் என்ற சொல் அங்கே எடுபடாது. 2011இல் சிட்னியின் குரோனல்லா கழகத்திலேயே நடந்த ஊட்டப்பொருள் திட்டத்துக்காக, 2014இல் பல வீரர்கள் 12 மாதத் தடையை ஏற்க வேண்டி வந்தது. கழகம் கொடுத்ததைச் சாப்பிட்டவர்களுக்கே அந்த நிலை. 61 கிலோ இருக்கிற, பயிற்சி செய்கிற பையனுக்கு நாளுக்கு 90 முதல் 110 கிராம் புரதம் போதும். நம் வீட்டுச் சாப்பாட்டில் சோறு மலைபோல் இருக்கும், பக்கத்தில் கறி இரண்டு துண்டு. அந்த அளவை மாற்றுங்கள். காலையில் மூன்று முட்டை, பள்ளிவிட்டு வந்ததும் பெரிய கிண்ணத்தில் தயிரும் கடலையும், இரவில் மீனோ கோழியோ ஒரு கையளவு, படுக்கும் முன் ஒரு தம்ளர் பால். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் பருப்பும் பனீரும் சோயாவும் தாராளமாக. இந்தப் பருவத்தில் மாதம் அரை கிலோ ஏறினால் நல்ல ஏற்றம். எட்டு வாரத்தில் எட்டு கிலோ ஏற்றுவேன் என்று எவன் சொன்னாலும் அவனிடம் மகனை அனுப்பாதீர்கள்.

குயின்ஸ்லாந்து வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பென்ரித், பரமாட்டா, கேன்டர்பரி, வெஸ்ட்ஸ் டைகர்ஸ் எல்லாம் உங்கள் வீட்டிலிருந்து காரில் போய் வரக்கூடிய தூரம். நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து பையன்கள் இந்த வாய்ப்புக்காகத்தான் சிட்னிக்கு வருகிறார்கள். வளர்ச்சியின் நடுவே, தலைக்காயம் ஆறாத நேரத்தில், தூக்கமில்லாத பிள்ளையை முன்பின் தெரியாத வீட்டில் விடுவது நல்ல முடிவாக இருக்காது. பள்ளி விஷயமும் இருக்கிறது. வரும் பிப்ரவரியில் பதினொன்றாம் வகுப்பு. அங்கே பாடத்திட்டம் வேறு, சான்றிதழ் வேறு. ஓர் ஆண்டில் அந்தக் கழகம் கைவிட்டால், இங்கே 12ஆம் வகுப்போடு முடியும் எச்.எஸ்.சி. படிப்பின் நடுவில் திரும்பி வருவான். 12ஆம் வகுப்பு முடியட்டும். அப்போதும் யாராவது கேட்டால் அவன் 18 வயது ஆளாக முடிவெடுப்பான்.

அந்த ஏஜென்ட் மறுபடி பேசினால், அங்கீகரிக்கப்பட்ட முகவர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள், நீங்களும் சரிபாருங்கள். எந்தக் கழகம், யார் பேசியது, எவ்வளவு காலம், காயப்பட்டால் யார் செலவு, நடுவில் விட்டால் பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது என்று எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் வராத எதையும் நம்ப வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் கழகத்தோடு தொடர்பில்லாத வழக்கறிஞர் ஒருவர் படிக்க வேண்டும். மகன் தனியாக எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. அவருடைய பயத்தில் பாதி முற்றிலும் சரி. தலைக்காயத்தைப் பற்றிய பயம் சரி, படிப்பைப் பற்றிய கவலை சரி. ஆனால் பட்டியலிலிருந்து விழுந்த கையோடு விளையாட்டையும் பிடுங்கினால், கழகம் சொன்னதையே அப்பாவும் சொல்வதாக அவன் காதில் விழும். ஏழு வயதிலிருந்து அவனுக்கு நண்பர்கள் அந்த மைதானத்தில்தான் இருக்கிறார்கள். ஊர்க் கழகத்தில் இந்த ஆண்டு சும்மா ஆடட்டும். மருத்துவர் அனுமதித்த பிறகு, வாரத்தில் இரண்டு பயிற்சி, ஒரு போட்டி. பள்ளி அணியும் கேட்டால் இரண்டில் ஒன்று. அகாடமிக்காக ஒதுக்கியிருந்த மற்ற மாலைகள் படிப்புக்கு. பதினொன்றாம் வகுப்புக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பயிற்சி நேரத்தைப் பார்த்து எளிதானதாக எடுக்காமல், ரக்பியே இல்லையென்றால் எதை எடுப்பானோ அதை எடுக்கட்டும். இதைக் கணவர் அவனோடு உட்கார்ந்து பேசினால் நல்லது. இலங்கையில் பள்ளி ரக்பி பார்த்து வளர்ந்தவராக இருந்தால் அது 15 பேர் ஆடும் யூனியன். இந்த 13 பேர் ஆட்டத்தில் ஹாஃப்பேக் என்ன செய்கிறான் என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள். அவன் பேசத் தொடங்கிவிடுவான்.

கழகத்துக்கும் நீங்கள் மரியாதையாக ஒரு கடிதம் எழுத வேண்டும். பட்டியலை மாற்றக் கேட்டு அல்ல. ‘உடம்பு போதாது’ என்றால் எந்தத் திறனில் எவ்வளவு குறைவு, இரண்டு ஆண்டில் அவனுடைய உயரமும் எடையும் அளந்த குறிப்பு இருக்கிறதா, அதன் நகல் கிடைக்குமா, எஸ்.ஜி. பால் தெரிவுக்கு அவனைத் திரும்ப அழைப்பீர்களா என்று கேளுங்கள். அளந்த குறிப்பு இருந்தால் அது அக்கறையுள்ள இடம், கதவு திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பதிலே வரவில்லை என்றால் அடுத்த ஆண்டு வேறு மாவட்டக் கழகத்தின் தெரிவுக்குப் போவதில் தயக்கம் வேண்டாம். தலையில் அடிபட்டதையும் அதே கடிதத்தில் தெரிவியுங்கள். அவர்களுடைய மருத்துவக் குழுவுக்கு அது தெரிந்தாக வேண்டும். மகன் கோபப்படுவான். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கடிதத்தை எழுதுங்கள்.